என் தலையில் ஏறிய மஞ்சள் ஹெல்மெட்

சில வருடங்களுக்கு முன்னால், உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம் முடியப்போகிற நேரம் அது. பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன். போட்டோக்கொப்பி, ஒன்லைன் விண்ணப்பம், கல்யாணக் கார்டு, பேனர் என்று எல்லாம் நடக்கிற கடை. எனக்கு முன்னால் கணினியில் படிப்புகளை விருப்ப வரிசையில் அடுக்க வேண்டிய பக்கம் திறந்திருந்தது. எனக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதுகு வலிக்கிறதே என்று நிமிர்ந்து திரும்பினேன்.

அந்த மெஷினிலிருந்து முதலில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் வந்தது. பிறகு இரண்டு கண்கள். இந்தக் கண்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தேன். மூக்கு வெளியே வந்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது. பாடசாலை அடையாள அட்டைக்கு எடுத்த படம். இரட்டைப் பின்னலும் டையுமாக, தலையில் மட்டும் கட்டட வேலைக்காரர்கள் போடுகிற ஹெல்மெட்.

முகத்துக்குக் கீழே எழுத்துகள் வந்தன. 'எங்கள் தோட்டத்தின் முதல்' என்று ஒரு வரி. அடுத்த வரி முழுவதையும் அடைத்துக்கொண்டு சிவப்பில் 'பொறியியலாளர்'. கடைசியில் எங்கள் தோட்டத்து வாலிபர் மன்றத்தின் வாழ்த்து. வேறு ஒருத்தியாக இருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பாள். என் பிரச்சினை என்னவென்றால், கணினியில் முதலாம் தெரிவு என்ற இடத்தில் நான் அப்போதுதான் போட்டு முடித்திருந்தது பொறியியல் இல்லை. கணிதமும் புள்ளிவிபரவியலும்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் எங்கள் குடும்பம். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தோட்டத்தில் அதை ஸ்டோர் என்போம். கொழும்பு ஏலத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போனது என்று ஸ்டோரில் வாரா வாரம் ஒரு பலகையில் எழுதுவார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்கிற முதல் செய்தி அதுதான். ஏறிவிட்டது, இறங்கிவிட்டது. ஏன் என்று கேட்டால் மழை என்பார், வெளிநாட்டுச் சண்டை என்பார், சில வாரம் வெறுமனே கையை விரிப்பார்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தக் கை விரிப்பதுதான் பிடிக்காது. ஏறும் இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது என்றால், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா?

உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில்தான் அதற்குப் பதில் கிடைத்தது. நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனால்தான் போனுக்கு சிக்னல் வரும். பின்னேரங்களில் அங்கே உட்கார்ந்து இலவசமாகக் கிடைக்கிற கணிதப் பாடங்களைப் பார்ப்பேன். நிகழ்தகவில் தொடங்கியது எங்கெங்கோ போய், விலைகள் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றத்தைக் கணிதத்தால் எப்படி அளக்கிறார்கள் என்பதில் வந்து நின்றது. இதையே தொழிலாகச் செய்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அட, நமக்கென்றே செய்த வேலை மாதிரி இருக்கிறதே என்று தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தது கனவு காண்பது இல்லை. அந்த வேலைக்கு ஆள் கேட்கிற விளம்பரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். கொழும்பில் உள்ளவை, வெளிநாட்டில் உள்ளவை, எல்லாம். அவர்கள் கேட்பது திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தது: ஆழமான கணிதம், புள்ளிவிபரவியல், கணினிக்கு நிரல் எழுதத் தெரிதல், அதற்குப் பிறகுதான் நிதித்துறை அறிவு. ஒரு பாடத்தின் கீழே நான் கேட்ட கேள்விக்கு, முகம் தெரியாத ஒருவர் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதியிருந்தார். நிதியைப் பிறகு பழகிக்கொள்ளலாம், கணிதத்தைப் பிறகு பழகுவது கஷ்டம், அதை முதலில் பிடி என்று. அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வந்தேன். முடிவில் அந்த வேலை, அதற்கு முன் ஒரு மேற்படிப்பு, அதற்கு முன் சின்னதாக ஒரு வேலை அனுபவம், அதற்கு முன் கணிதமும் புள்ளிவிபரவியலும் கணினியும் சேர்ந்த பட்டம். பொறியியல் படித்துவிட்டும் அங்கே போகலாம், போயிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது வீட்டுக்குப் பின்னால் சுற்றி வருகிற பாதை.

இதில் ஒரு சிக்கல். எங்கள் மாவட்டத்தில் பொறியியலுக்கு இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு. என் புள்ளிக்குப் பொறியியல் நிச்சயம் கிடைக்கும் என்று பாடசாலையில் படிப்பித்த சேர் சொன்னது, நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. ஸ்டோருக்கு வந்த தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், அப்பாவைக் கூப்பிட்டுக் கை கொடுத்திருக்கிறார். அத்தனை வருட வேலையில் தொரை அப்பாவுக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அப்பா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் டீ குடித்தார். எஞ்சினியரிங்தானே என்று என்னிடம் கேட்டார். பாப்போம்ப்பா என்றேன். கணக்கை முடிக்காமல் விடையைச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பாப்போம் என்றால் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம் என்பதை நான் மறந்துவிட்டேன். அந்தப் 'பாப்போம்' நேராக வாலிபர் மன்றத்துக்குப் போய், அங்கிருந்து பதுளைக்கு வந்து, பிரிண்டரில் ஏறியிருந்தது.

கடைக்காரர் முஸ்லிம் மனிதர், நடுத்தர வயது. எல்லாரும் நானா என்று கூப்பிடுவார்கள். பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சிதானா இது? சொல்லவே இல்லயே. வாழ்த்துக்கள்."

"நானா, இந்த ஹெல்மெட்ட யாரு போட்டது?"

"நாங்கதான். ஓடர் குடுத்த தம்பி எஞ்சினியர்னு மட்டும் சொன்னாரு. டாக்டர்னா ஸ்டெதஸ்கோப், லோயர்னா கறுப்புக் கோட்டு, எஞ்சினியர்னா ஹெல்மெட். எல்லாம் ரெடியா வச்சிருக்கோம். தலைய வெட்டி ஒட்டுனா முடிஞ்சிச்சி."

நான் கணினித் திரையைக் காட்டினேன். அவர் குனிந்து முதலாம் தெரிவைப் படித்தார். இரண்டாவதாகக் கிடந்த பொறியியலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"மாத்திப் போட்டுட்டீங்களே தங்கச்சி. வெட்டுப்புள்ளி கூடினது மேல வரோணும். இவ்வளவு புள்ளிய வச்சிக்கிட்டு இதுக்குப் போனா புள்ளி வீணாப் போகும்."

அவரைக் குறை சொல்லி என்ன. எங்கள் பக்கத்தில் விருப்ப வரிசையை யாரும் விருப்பப்படி போடுவது கிடையாது. வெட்டுப்புள்ளி கூடியது மேலே, குறைந்தது கீழே. கஷ்டப்பட்டு எடுத்த புள்ளியில் ஒரு துளி மிஞ்சிவிட்டாலும் சோற்றைக் கொட்டியது போல எல்லாருக்கும் மனசு பதறும். அந்த வரிசையில் எது மேலே இருக்கிறதோ, புள்ளி போதுமானால் அதைத்தான் தருவார்கள். அதனால் வரிசைதான் முடிவு. புள்ளி வீணாகாது நானா, நான்தான் வீணாகிவிடக்கூடாது என்று சொல்லி, என் திட்டத்தை அவருக்கு ஆதியோடந்தமாக விளக்கினேன். கடையில் வேறு இரண்டு பேர் போட்டோக்கொப்பிக்குக் காத்திருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள்.

நானா முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க படிப்புக்குத் தலையில வைக்க எங்கிட்ட ஒண்ணுமில்லயே" என்றார். பிறகு, "வீட்டுல தெரியுமா?" என்றார்.

"அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு இனித்தான் சொல்லணும்."

"அப்ப இத இன்னைக்கி அனுப்ப வேணாம். சேவ் பண்ணி வைங்க. நாளையோட முடியுது, நாளைக்கிக் காலையில கடை தொறந்ததும் வாங்க. அப்பாட்ட சொல்லிட்டு அனுப்புங்க. சொல்லாம அனுப்பினா அது வேற கதையாப் போயிடும்."

அவர் சொன்னது சரியென்று பட்டது. முடிவை மாற்றுவதற்காக இல்லை, அப்பாவுக்குத் தெரியாமல் அந்தப் பொத்தானை அமுக்க எனக்கும் மனசில்லை. எழுந்தபோது நானா மிச்சமிருந்த வெள்ளை ஸ்டிக்கரில் நீளமாக ஒரு பட்டையை வெட்டினார். பேனரில் 'பொறியியலாளர்' என்ற வரிக்கு மேல் அதை வைத்து அளந்து பார்த்து, ஓரத்தைக் கத்தரித்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். தேவைப்பட்டால் ஒட்டிக்கொள்ளுங்கள், தேவைப்படாவிட்டால் கொப்பிக்கு உறை போடுங்கள் என்றார். காசு கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? பேனரையும் சுருட்டி என் தோளில் சாய்த்தார். பின்னேர பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொல்லித்தான் வாலிபர் மன்றம் சொல்லியிருந்ததாம். மருந்து, மண்வெட்டி, கல்யாணச் சேலை எல்லாம் எங்கள் ஊருக்கு அப்படித்தான் வரும். அந்த பஸ்ஸில்தானே போகிறீர்கள், நீங்களே கொண்டு போங்களேன் என்றார்.

ஆக, என்னை வாழ்த்துகிற பேனரை நானே சுமந்துகொண்டு லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறைய ஆட்கள். சுருள் என்னைவிட உயரம். ஒவ்வொரு வளைவிலும் யாருடைய தலையிலாவது இடித்தது. சிங்களக் கண்டக்டர், "நங்கி, இவருக்கும் டிக்கட் எடுக்கணும்" என்று தங்கச்சிக்கு நங்கி போட்டு அரைத் தமிழில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்னம்மா அது என்று ஒரு அம்மா கேட்டார். பேனர் என்றேன். யாருக்கு என்றார். எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு என்றேன். பசறை தாண்டியதும் ஒரு யோசனை வந்தது. இதை அப்படியே சீட்டுக்குக் கீழே விட்டுவிட்டு இறங்கினால் என்ன? யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் பொருள் தொலைவது புதிதில்லை. ஆனால் பேனர் தொலைந்தாலும் 'பாப்போம்' தொலையாதே. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் சந்தியில் பஸ் நின்றபோது வாலிபர் மன்றத்தின் தலைவரான த்ரீவீல் ஓட்டும் அண்ணன் ஏணியோடும் கயிறோடும் நின்றிருந்தார். பக்கத்தில் அப்பா. ஸ்டோரிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டையெல்லாம் தேயிலைத் தூள். நான் வாயைத் திறப்பதற்குள் சுருளை வாங்கி விரித்துவிட்டார்கள். அப்பா ஹெல்மெட்டைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அண்ணன் மரத்தில் ஏணியைச் சாய்த்து மேலே ஏறினார். அப்பா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். இதைவிட்டால் வேறு நேரம் வராது என்று தோன்றியது. கோபம் வந்தால் எழுந்து போய்விடுகிற மனிதர் அப்பா. ஏணியை விட்டுவிட்டு எங்கே போவார்? கிட்டப் போய் நின்றேன்.

"அப்பா, நான் எஞ்சினியரிங்க முதலாவதாப் போடப் போறதில்ல."

அப்பா மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல ஆளு நிக்கிது. அப்பறமா பேசுவோம்."

"அவரு எறங்கினா நீங்க போயிருவீங்க. இப்பவே சொல்லிடறேன்ப்பா."

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு மெதுவாக, "அப்ப என்னா படிக்கப் போற?" என்றார்.

"கணக்கு. கணக்கும் புள்ளிவிபரமும்."

"கணக்கு டீச்சராகவா?"

"இல்லப்பா. ஸ்டோர்ல பலகையில வெல எழுதுறாங்கள்ல, ஏறுது எறங்குதுன்னு. அந்த மாதிரி வெல மாறுற எல்லாத்தையும், எவ்வளவு மாறலாம், எவ்வளவு நட்டம் வரலாம்னு கணக்குப் போடுற வேலை. பேங்க்ல இருக்கு, இன்சூரன்ஸ்ல இருக்கு, பெரிய கம்பனிகள்ல இருக்கு."

"அடுத்த வாரம் என்னா வெலன்னு நீ முன்கூட்டியே சொல்லிருவியா?"

"முடியாதுப்பா. யாராலயும் முடியாது. நாம சொல்றது எவ்வளவு தூரம் பெசகலாம்னு சொல்லலாம்."

"அதுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

"நல்லாவே குடுப்பாங்க."

மேலே அண்ணன் ஒரு பக்கத்தைக் கட்டி முடித்து, நேராக இருக்கா மாமா என்று கேட்டார். அப்பா பார்க்காமலே இருக்கு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என்னிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"நம்ம ஆளுக யாராச்சும் அந்த வேலைக்குப் போயிருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சி இல்ல."

"அப்ப, தப்பாப் போனா?"

"தப்பாப் போனா என்னா செய்யறதுன்னு முன்னாடியே கணக்குப் போட்டு வைக்கிறதுதாம்ப்பா அந்த வேலையே. எனக்கும் போட்டு வச்சிருக்கேன். நெனச்சது கெடைக்கலன்னா இன்சூரன்ஸ் கம்பனி. அதுவும் இல்லன்னா அரசாங்கத்துல புள்ளிவிபர வேலை. எதுவுமே இல்லன்னா, நீங்க சொன்ன மாதிரி கணக்கு டீச்சர். எந்தப் பக்கம் விழுந்தாலும் கீழ ஒண்ணு இருக்கு."

அப்பா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அண்ணன் இறங்கியதும் ஏணியை விட்டார். லயத்துப் பக்கம் நடந்துவிட்டார். பேனரைப் பார்க்க ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். நான் கையில் வெள்ளைச் சுருளோடு என் படத்துக்குக் கீழேயே நின்றேன். முடிவைப் பற்றி எனக்கு ஒரு சொட்டுச் சந்தேகமும் இல்லை. அப்பாவை நினைத்துத்தான் வலித்தது. தொரை கை கொடுத்த அந்தக் கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரிடம் நான் இதைச் சொல்ல வேண்டியிருந்ததே என்று வலித்தது.

அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டார், படுத்தார். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி சொன்னார்: "ஒங்கப்பாவுக்கு ஒன் படிப்பு மேல கோவமில்ல. நாளைக்கி ஸ்டோர்ல கேட்டா அதுக்கு என்னா பேரு சொல்றதுன்னுதான் யோசிக்கிறாரு."

உண்மைதான். எஞ்சினியர் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். நான் போகப்போகிற வேலைக்கு எங்கள் தோட்டத்தில் வழங்குகிற பெயர் ஒன்றுகூட இல்லை. நானே தமிழில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. நானா கொடுத்த பட்டை எதற்கு என்று அம்மாவிடம் சொல்லி, டிவிக்கு மேல் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் எழுந்தபோது அப்பா இல்லை. சொல்லாமலே வேலைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். டிவிக்கு மேல் இருந்த பட்டையையும் காணவில்லை. அம்மா எடுத்து எங்கேயாவது வைத்திருப்பார், முதல் பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று அவசரமாகக் கிளம்பிச் சந்திக்கு வந்தேன். பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. கிட்டப் போன பிறகுதான் ஏணி தெரிந்தது. ஏணியிலிருந்து அப்பா இறங்கிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தார். தோளில் நனைந்த துண்டு.

நிமிர்ந்து பார்த்தேன். 'எங்கள் தோட்டத்தின் முதல்' என்ற வரி அப்படியே இருந்தது. அடுத்த வரியில் எழுத்தே இல்லை. வெள்ளைப் பட்டை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, அங்கங்கே காற்றுக் குமிழோடு அந்தப் பெரிய சிவப்புச் சொல்லை மூடியிருந்தது.

"பனியில நனைஞ்சி கெடந்திச்சி. தொடச்சிட்டு ஒட்டறதுக்கு நேரமாயிருச்சி" என்றார் அப்பா, பஸ் தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்வதைப் போல.

அப்பா ஏணியை மரத்தோரம் நகர்த்தி வைத்தார்.

"அந்த வேலைக்குப் பேரு எனக்கு வாயில வரமாட்டேங்குது. எடத்த விட்டு வச்சிருக்கேன். நீ போயி படிச்சிட்டு வந்து எழுதிக்க." துண்டைப் பிழிந்தார். மேலே இன்னொரு தடவை பார்த்தார். "அந்தத் தொப்பியத்தான் ஒண்ணும் செய்ய முடியல. கெடக்கட்டும், மழைக்காலந்தானே."

அப்போதுதான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். பஸ் வந்தது. நான் மட்டும் போவதாகத்தான் நினைத்தேன், எனக்கு முன்னால் அப்பா ஏறினார். ஸ்டோரில் லீவு சொல்லி அனுப்பிவிட்டாராம்.

கடையில் நானா அப்பாவைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார். பேனர் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். "பேனர் அருமையா இருக்குங்க. எழுத்துதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அப்பா. நானா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். திரையில் நான் சேமித்து வைத்த வரிசையை அப்பா ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது எஞ்சினியரிங்தானே என்று மட்டும் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார். கீழே ஒன்று இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை அவர் என்னைவிடக் கவனமாகக் கேட்டிருக்கிறார். நீங்களே அமுக்குங்கப்பா என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீயே அமுக்கு" என்றார். "நாளைக்கிப் பெசகினா என் வெரல சொல்லக்கூடாது."

அமுக்கினேன்.

அந்தப் பேனர் எங்கள் சந்தியில் பல மாதம் தொங்கியது. முதல் என்னா, முதல் என்னா என்று பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். வாலிபர் மன்றத்து அண்ணன் சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே என்னைக் கண்டால், 'முதல் ஒண்ணுமில்ல' வருது என்று கேலி செய்யத் தொடங்கினார். யாரோ அந்த வெள்ளையில் கரியால் பெரிய கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழை அதைக் கழுவியது.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நான் நினைத்ததைவிடக் கடினம். எல்லாம் ஆங்கிலத்தில். பாடம் புரிந்தது, பாடம் நடத்துகிறவர் பேசுவதுதான் புரியவில்லை. கூடப் படித்தவர்கள் வீட்டில் கணினியோடு வளர்ந்தவர்கள். நான் நிரல் எழுதப் பழகியது அங்கே உள்ள ஆய்வுகூடத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில். ஆனால் தோற்றுவிடுவேன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. போட்ட திட்டத்தில் சிலது முன்னே பின்னே ஆனது; நினைத்த இடத்தில் பயிற்சி கிடைக்காமல் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கிடைத்தது. கீழே ஒன்று இருந்தது என்று அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இன்றைக்குக் கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் இடர் முகாமைத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். விலைகள் மாறினால் எவ்வளவு நட்டம் வரலாம் என்று கணக்குப் பார்ப்பதுதான் வேலை. அடுத்ததாக மேற்படிப்பு. அதற்கும் விண்ணப்பித்திருக்கிறேன், இந்தத் தடவை வரிசையில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்கு முதலிலேயே தெரியும்.

ஸ்டோரில் யாராவது மகள் என்ன வேலை என்று கேட்டால் அப்பா தயங்குவதில்லையாம். அம்மா சொல்லிச் சிரிப்பார். "தப்பாப் போனா என்னா செய்யறதுன்னு முன்னாடியே கணக்குப் பாத்து வைக்கிற வேலை" என்கிறாராம், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. எங்கள் வாலிபர் மன்றமும் இப்போது பேனர் அடிப்பதற்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு, என்னா போடட்டும் என்று கேட்கிறது. போன வருடம் ஒரு தங்கச்சி விவசாய விஞ்ஞானத்துக்குப் போனாள். நானாவின் கடையில் பேனர்ப் படத்தில் அவள் கையில் ஒரு செடியை வைத்துக் கொடுத்தார்களாம்.

என் பேனர் இப்போது எங்கள் லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கின் மேல் கிடக்கிறது. ஹெல்மெட் மேல் பக்கமாக, மழை ஒழுகாமல். லீவில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த இரட்டைப் பின்னல்காரியை ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். சிவப்பு எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது. வெள்ளைப் பட்டை மட்டும் உரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் என்ன எழுதப் போகிறாய் என்று அப்பா இன்னும் கேட்கவில்லை, நானும் அவசரப்படவில்லை. தான் ஆசைப்பட்ட பெயரை அப்பா தன் கையாலேயே மூடிவிட்டு எனக்காக ஓர் இடம் விட்டு வைத்த அந்தப் பனிக்காலையை நினைத்துக்கொண்டால், இதுவரை எங்களில் யாரும் உட்காராத நாற்காலியிலும் நான் கூசாமல் போய் உட்கார்ந்துவிடுகிறேன்.